தெரிஞ்சே ஏன் குடிக்கிறாங்க? - 17 வருடம் குடித்து, 36 வருடம் விடை தேடிய பில் வில்சனின் கதை

எல்லாம் தெரிஞ்சே ஏன் இப்படிக் குடிக்கிறார்? குடிக்கிற ஒருவர் இருக்கும் வீட்டில் இந்தக் கேள்வியைக் கேட்காதவர்கள் இருக்க மாட்டார்கள். அம்மா கேட்டிருப்பார், மனைவி கேட்டிருப்பார், விவரம் தெரிந்த வயதில் பிள்ளைகளும் கேட்டிருப்பார்கள். அதற்கு நாம் வழக்கமாகச் சொல்லிக்கொள்ளும் பதில்கள் மூன்று. சேர்க்கை சரியில்லை, கையில காசு புரளுது, மனசுல உறுதி இல்லை.

இந்த மூன்றும் பொருந்தாத ஒரு மனிதரின் கதை இது. 21 வயதுவரை மதுவைத் தொடாதவர். கையில் காசே இல்லாத காலத்தில்தான் மோசமாகக் குடித்தவர். மனஉறுதி எப்படி என்பதை, கதையைப் படித்துவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

பெயர், பில் வில்சன். குடிநோயாளிகள் ஒன்றாக உட்கார்ந்து, ஒருவருக்கொருவர் மனம்விட்டுப் பேசியே குடியிலிருந்து மீளும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் (சுருக்கமாக ஏ.ஏ.) அமைப்பை அமெரிக்காவில் தொடங்கிய இருவரில் ஒருவர். இன்று தமிழ்நாடு உட்பட உலகம் முழுக்க இந்தக் குழுக்கள் இயங்குகின்றன. 20-ம் நூற்றாண்டின் முக்கியமான 100 பேர் என்று டைம் இதழ் வெளியிட்ட பட்டியலில் இவர் பெயரும் உண்டு. ஆனால், இங்கே நாம் பார்க்கப்போவது அவருடைய சாதனையை அல்ல. ஒரு மனுஷனுக்குள்ள குடி எந்த வழியா நுழையுது, எதைப் பிடிச்சுக்கிட்டு உள்ளே உட்காருது, அதை விட்ட பிறகும் என்ன மிச்சம் இருக்கு என்பதைத்தான்.

அப்பாவும் போனார், அம்மாவும் போனார்

1895 நவம்பர் 26. அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் ஈஸ்ட் டார்செட் என்ற சின்ன ஊரில் பிறந்தார் பில். அப்பா கில்மன், கல் குவாரியில் மேலாளர். கலகலப்பான ஆள், குடிப்பழக்கமும் உண்டு. அம்மா எமிலி, கண்டிப்பானவர், படிக்கத் துடித்தவர். அப்பாவழித் தாத்தாவும் ஒரு காலத்தில் பெருங்குடிகாரராக இருந்து, பின்னாளில் திடீரென ஏற்பட்ட மத அனுபவத்தால் குடியை அடியோடு விட்டவர்.

ஆக, ரத்தத்திலேயே ஒரு பங்கு வந்துவிட்டது. குடிநோய்க்கு ஆளாகும் வாய்ப்பில் ஏறக்குறைய பாதி மரபணு வழியாக வருகிறது என்று இரட்டையர்களை வைத்து நடந்த ஆய்வுகள் சொல்கின்றன. மீதிப் பாதி, நாம் வளரும் விதத்திலும் வாழும் விதத்திலும் இருக்கிறது. குடிகாரர் வீட்டுப் பிள்ளைகள் எல்லோரும் குடிகாரர்கள் ஆவதில்லை. காய்ந்த விறகு தானாக எரியாது. யாராவது தீக்குச்சி கிழிக்க வேண்டும்.

பில்லுக்கு அது 10 வயது வாக்கில் நடந்தது. அப்பாவுக்கும் அம்மாவுக்கும் ஒத்துவரவில்லை. ஒருநாள் அப்பா வீட்டைவிட்டுப் போனார். கனடாவின் மேற்குக் கோடிக்குக் குவாரி வேலைக்குப் போய்விட்டார். பிறகு அம்மா, பில்லையும் தங்கை டோரதியையும் ஏரிக்கரைக்கு அழைத்துப்போய், அப்பா இனி வரமாட்டார் என்று சொன்னார். கொஞ்ச நாளில் அம்மாவும் மருத்துவம் படிக்க பாஸ்டன் கிளம்பினார். பிள்ளைகள் இருவரும் தாத்தா பாட்டி வீட்டில் விடப்பட்டார்கள்.

விவாகரத்து என்பதையே கேள்விப்படாத ஊர் அது. ஊர் வாயில் விழுந்ததைவிட, அந்தச் சிறுவனை அரித்தது இன்னொன்று. நான் நல்ல பிள்ளையா இருந்திருந்தா அப்பா போயிருக்க மாட்டாரோ? பெற்றவர்கள் பிரியும்போது பல குழந்தைகள் பழியைத் தங்கள்மீதே போட்டுக்கொள்வார்கள். பெரியவர்களும் வேறு காரணத்தைச் சொல்லிப் புரியவைப்பதில்லை. நான் போதாதவன் என்ற எண்ணம் அங்கேதான் விதையாக விழுகிறது.

ஆறு மாதம் செதுக்கிய பூமராங்

தாத்தா ஃபயட் க்ரிஃபித் அன்பானவர், பேரனுக்கு எதையும் செய்யக்கூடியவர். ஒருநாள் புத்தகத்தில் படித்ததை வைத்து, ஆஸ்திரேலிய ஆதிகுடிகளைத் தவிர யாராலும் பூமராங் செய்ய முடியாதாம் என்று பேச்சுவாக்கில் சொல்லிவிட்டார். அவ்வளவுதான். பில்லுக்கு வேறு சிந்தனையே இல்லை. படிப்பை மறந்தார், வீட்டு வேலைகளை மறந்தார். மரத்தை அறுப்பதும் இழைப்பதும் எறிந்து பார்ப்பதுமாக ஆறு மாதம் ஓடியது. கடைசியில் தன் கட்டிலின் தலைமாட்டுப் பலகையையே அறுத்து ஒன்று செய்தார். எறிந்தார். அது வட்டமடித்துத் திரும்பி வந்தது.

கேட்க எவ்வளவு அழகான கதை! விடாமுயற்சிக்கு உதாரணமாக இதைப் பள்ளிக்கூடத்தில் சொல்லலாம். ஆனால், இதே வேகத்தைத் தன் பிற்காலக் குடியிலும் பார்த்ததாக பில்லே பின்னாளில் எழுதினார். பூமராங் செய்த சந்தோஷத்தைவிட, நான்தான் நம்பர் ஒன் என்ற எண்ணம் அவருக்குத் தேவைப்பட்டது. உடனே அடுத்தது. பழைய வயலின் ஒன்றைச் சரிசெய்து, தானாகவே வாசிக்கக் கற்றுக்கொண்டார். ஒல்லியாக, நெட்டையாக, விளையாட்டில் தடுமாறிய பையன், பேஸ்பால் அணித் தலைவரானார். வகுப்புத் தலைவரும் ஆனார்.

நீங்களும் இப்படி ஒருவரைப் பார்த்திருப்பீர்கள். எதைச் செய்தாலும் முதலாவதாக வர வேண்டும், இல்லையென்றால் தான் ஒன்றுமே இல்லை என்று நினைப்பவர். நடுவில் நிற்க அவர்களுக்கு இடமே கிடையாது. ஜெயித்துக்கொண்டிருக்கும்வரை இந்தக் குணத்தைத் திறமை என்று பாராட்டுவோம். தோற்கும் நாளில்தான் உள்ளே எவ்வளவு பெரிய பள்ளம் இருக்கிறது என்பது தெரியவரும்.

பெர்த்தா இறந்த நாள்

பர் அண்ட் பர்ட்டன் பள்ளியில் படிக்கும்போது பெர்த்தா பேம்ஃபோர்டு என்ற பெண்ணைக் காதலித்தார் பில். ஊர்ப் பாதிரியாரின் மகள். அவளுக்கும் பில்லைப் பிடித்திருந்தது. அப்பா அம்மா போன பிறகு, முதன்முறையாகத் தன்னை ஒருவர் முழுதாக ஏற்றுக்கொண்டார் என்ற நிம்மதி அவருக்கு.

1912 நவம்பரில் ஒருநாள் காலை வழிபாட்டில், தலைமை ஆசிரியர் ஒரு செய்தியை அறிவித்தார். நியூயார்க்கில் அறுவைசிகிச்சை செய்துகொண்ட பெர்த்தா இறந்துவிட்டாள். பில்லின் 17-வது பிறந்தநாளுக்கு அப்போது எட்டே நாள்கள்தான் இருந்தன.

அதற்குப் பிறகு அவரால் எழ முடியவில்லை. படிப்பு நின்றது. மாதக்கணக்கில் யாருடனும் ஒட்டாமல் இருந்தார். பிறகு நார்விச் ராணுவக் கல்லூரியில் சேர்ந்தபோது புதுப் பிரச்னை வந்தது. திடீர் திடீரென நெஞ்சு படபடக்கும், மூச்சு முட்டும். இதயம் நின்றுவிடப்போகிறது என்று பயந்து மருத்துவரிடம் ஓடுவார். மருத்துவர்களோ, உடம்பில் ஒரு குறையும் இல்லை என்பார்கள். இன்றைக்கு என்றால் பதற்ற நோய், மனஅழுத்தம் என்று கண்டுபிடித்துச் சிகிச்சை கொடுத்திருப்பார்கள். அந்தக் காலத்தில், ஆம்பளப் பையன் சமாளிச்சுப்பான் என்று விட்டுவிட்டார்கள். இந்தக் காலத்திலும் பல வீடுகளில் அப்படித்தானே விடுகிறோம்?

பெற்றோரின் பிரிவு, தாழ்வு மனப்பான்மை, ஆற்றாத துக்கம், சிகிச்சை கிடைக்காத பதற்றம். இவ்வளவும் உள்ளே குவிந்திருந்தன. ஆனாலும், பில் இன்னும் ஒரு சொட்டுகூடக் குடிக்கவில்லை. தாத்தா, அப்பா கதையெல்லாம் தெரிந்ததால் குடி என்றாலே அவருக்குப் பயம்.

ஒரு கிளாஸில் காணாமல் போன கூச்சம்

1917. முதல் உலகப்போரில் அமெரிக்கா இறங்கியது. இளம் ராணுவ அதிகாரியாக மாசசூசெட்ஸ் மாநிலத்தின் நியூ பெட்ஃபோர்டு அருகில் இருந்த கோட்டைக்கு வந்தார் பில். அந்த ஊர்ப் பணக்காரக் குடும்பங்கள், போருக்குப் போகும் இளம் அதிகாரிகளைத் தங்கள் வீட்டு விருந்துகளுக்கு அழைப்பது வழக்கம்.

பெரிய மாளிகை, நாகரிகமான மனிதர்கள், சரளமான பேச்சு. கிராமத்துப் பையனான பில்லுக்கு எங்கே நிற்பது, கையை எங்கே வைத்துக்கொள்வது என்றே தெரியவில்லை. நாக்கு ஒட்டிக்கொண்டது. அப்போது யாரோ ஒரு பிராங்க்ஸ் காக்டெய்லைக் கையில் கொடுத்தார்கள். ஜின்னும் ஆரஞ்சுச் சாறும் கலந்த பானம். இத்தனை நாள் மறுத்து வந்தவர், அன்று வாங்கிக் குடித்தார்.

அடுத்த சில நிமிடங்களில் நடந்ததை, வாழ்நாள் முழுக்க அவர் மறக்கவில்லை. தனக்கும் மற்றவர்களுக்கும் நடுவே இருந்த சுவர் மளமளவெனச் சரிந்ததைப்போல இருந்தது. பேச்சு தானாக வந்தது. எல்லோரும் தன்னை விரும்புகிறார்கள், தானும் இவர்களில் ஒருவன் என்று தோன்றியது. 10 வயதிலிருந்து தேடிக்கொண்டிருந்தது ஒரு கிளாஸில் கிடைத்துவிட்டது.

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். அதே விருந்தில் அதே பானத்தைக் குடித்த மற்றவர்களுக்கு அது வெறும் காக்டெய்ல். கொஞ்சம் சிரித்துவிட்டு, வீட்டுக்குப் போய்த் தூங்கியிருப்பார்கள். பில்லுக்கு அது மருந்து. குடிப்பதால் வரும் சந்தோஷத்துக்காகக் குடிப்பவர்களைவிட, உள்ளே இருக்கும் வலி போவதற்காகக் குடிப்பவர்களுக்கு ஆபத்து அதிகம் என்கிறது மனநல மருத்துவம். சந்தோஷம் இல்லாமல் ஒருநாளை ஓட்டிவிடலாம். தாங்க முடியாத வலியோடு ஓட்டுவது கஷ்டம். அதனால், மூளை அந்த மருந்தை மறக்கவே மறக்காது.

பில் ஆரம்பத்திலிருந்தே அளவாகக் குடிக்கவில்லை. நினைவு தப்பும்வரை குடித்தார்.

மருந்தே நோயானது

1918 ஜனவரி 24 அன்று லோயிஸ் பர்ன்ஹாமைத் திருமணம் செய்துகொண்டார். புரூக்ளின் மருத்துவர் ஒருவரின் மகள், பில்லைவிட நான்கு வயது மூத்தவர். என் அன்பால் இவரை மாத்திடுவேன் என்று நம்பினார் லோயிஸ். இந்த வரியைப் படிக்கும்போது உங்களில் சிலருக்குத் தொண்டை அடைக்கலாம். அந்த நம்பிக்கையின் விலை அவருக்கு 17 வருடம்.

போர் முடிந்து திரும்பிய பில், சட்டம் படித்தார். பட்டத்தை வாங்கவே இல்லை. பங்குச் சந்தையில் இறங்கினார். ஒரு கம்பெனியின் பங்கை வாங்கும் முன் அந்தக் கம்பெனியை நேரில் போய்ப் பார்க்க வேண்டும் என்பது அவர் யோசனை. இன்று சாதாரணமாகத் தெரியும் இது, அன்று புதுசு. 1925-ல் சைடுகார் வைத்த மோட்டார்பைக்கில் லோயிஸும் அவரும் கூடாரத்தோடு கிளம்பி, ஊர் ஊராகத் தொழிற்சாலைகளைப் பார்த்து அறிக்கை எழுதினார்கள். பணம் கொட்டியது. வால் ஸ்ட்ரீட்டில் பெயர் கிடைத்தது.

குடியும் கூடவே வளர்ந்தது. தோற்றால் துக்கத்துக்கு, ஜெயித்தால் கொண்டாட்டத்துக்கு. ஒன்றும் நடக்காத நாளில், ஒன்றும் நடக்கவில்லையே என்பதற்கு. இதற்கிடையில் லோயிஸுக்கு மூன்று முறை கரு கருப்பைக்கு வெளியே தங்கி, அறுவைசிகிச்சை செய்ய வேண்டிவந்தது. இனி குழந்தை இல்லை என்றானது. தத்தெடுக்க விண்ணப்பித்தும் கிடைக்கவில்லை. பில்லின் குடிதான் காரணம் என்பது பின்னர்தான் அவர்களுக்குத் தெரிந்தது.

இன்னொன்றையும் கவனியுங்கள். 1920 முதல் 1933 வரை அமெரிக்காவில் மதுவிலக்கு. மது விற்பதே குற்றம். பில் மிக மோசமாகக் குடித்தது சரியாக அந்த வருடங்களில்தான். கடை மூடியிருந்தால் பலர் தப்பிக்கலாம். ஆனால், மதுவை மருந்தாக்கிக்கொண்டவர் எப்படியாவது தேடிப் பிடித்துவிடுவார்.

அந்த மருந்துக்கும் ஒரு கெட்ட குணம் உண்டு. மது மூளையின் பதற்றத்தைச் சில மணி நேரம் அடக்கிவைக்கும். தினமும் அப்படி அடக்கினால், மூளை அதற்கு எதிராகத் தன்னை முடுக்கிக்கொள்ளும். போதை தெளிந்ததும் பழைய பதற்றம் இரண்டு மடங்காகத் திரும்பும். கை நடுங்கும், தூக்கம் வராது, காரணமில்லாத பயம் வரும். அதை அடக்க மறுபடி குடிக்க வேண்டும். பயத்துக்காகக் குடித்தவர், குடியால் வந்த பயத்துக்காகக் குடிப்பார். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இது திமிராகத் தெரியும்.

பைபிளில் எழுதிய சத்தியங்கள்

1929 அக்டோபரில் பங்குச் சந்தை சரிந்தது. பில்லிடம் எதுவும் மிச்சமில்லை. மனைவியின் பெற்றோர் வீட்டில் அடைக்கலம். லோயிஸ், மேசீஸ் டிபார்ட்மென்ட் ஸ்டோரில் வேலைக்குப் போய்க் குடும்பத்தைப் பார்த்துக்கொண்டார். பில், மனைவியின் கைப்பையில் காசு எடுத்துக் குடிக்கும் நிலைக்கு வந்தார்.

நம்ம ஊர்ல கோயில்ல கயிறு கட்டுவாங்க, கற்பூரம் அணைச்சு சத்தியம் பண்ணுவாங்க இல்லையா? பில் குடும்ப பைபிளில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். இனி குடிக்க மாட்டேன் என்று ஒருமுறை அல்ல, பலமுறை, தேதியோடு. ஒவ்வொரு முறையும் உண்மையாகவே எழுதினார். ஒவ்வொரு முறையும் மீறினார்.

இங்கேதான் நாம் பெரும்பாலும் தப்பாகப் புரிந்துகொள்கிறோம். சத்தியத்தை மீறுபவர் பொய்யர் என்று முடிவு கட்டுகிறோம். ஆறு மாதம் விடாமல் பூமராங் செதுக்கியவருக்கு மனஉறுதி இல்லை என்று சொல்ல முடியுமா? சத்தியம் செய்தவர் பொய் சொல்லவில்லை. சத்தியம் உடைந்தபோது வந்த அவமானம்தான் அடுத்த பாட்டிலைத் திறக்க வைத்தது. நான் போதாதவன் என்று சிறு வயதில் விழுந்த விதைக்கு, ஒவ்வொரு உடைந்த சத்தியமும் தண்ணீர் ஊற்றியது. நாம் வீட்டில் சொல்லும், நீயெல்லாம் ஒரு மனுஷனா என்ற வார்த்தையும் அதே வேலையைத்தான் செய்கிறது.

தெரிந்துகொண்டால் மட்டும் போதுமா?

1933-34-ல் நியூயார்க்கின் டவுன்ஸ் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். செலவை ஏற்றது, டாக்டரான தங்கை கணவர். அங்கே டாக்டர் வில்லியம் சில்க்வொர்த், பில்லிடம் புதிதாக ஒன்றைச் சொன்னார். இது ஒழுக்கக்கேடு இல்லை, வியாதி. முதல் கிளாஸ் உள்ளே போனால் உடம்பு நிறுத்தவிடாது. குடிக்காதபோது மனசு அந்த முதல் கிளாஸை நோக்கித் தள்ளும். அமெரிக்க மருத்துவச் சங்கம் குடிநோயை ஒரு நோயாக ஏற்றுக்கொண்டது 1956-ல்தான். அதற்கு 20 வருடங்களுக்கும் முன்பே இவர் இதைச் சொல்லியிருக்கிறார்.

பில்லுக்குப் பெரிய விடுதலையாக இருந்தது. தன் நோய் என்ன என்று தெரிந்துவிட்டது, இனி பிரச்னை இல்லை என்று நினைத்தார். 1934 நவம்பர் 11, போர் நிறுத்த நினைவுநாள். வெளியூர் போகும் வழியில் அறிமுகமான ஒருவரிடம், தான் ஏன் ஒரு சொட்டுகூடக் குடிக்கக் கூடாது என்று தெளிவாக விளக்கினார். அன்றே, உணவு விடுதிக்காரர் நினைவுநாளுக்காக இலவசமாக நீட்டிய கிளாஸை வாங்கிக் குடித்தார். தெரிஞ்சே ஏன் குடிக்கிறார் என்ற நம் கேள்விக்கு இதைவிடத் தெளிவான பதில் கிடையாது. அறிவுக்குத் தெரிந்திருந்தது. ஆனால், வலி இருந்த இடத்துக்கு அறிவால் போக முடியவில்லை.

அதே மாதம் பள்ளிக்காலத் தோழர் எபி தாட்சர் வீடு தேடி வந்தார். அவரும் பெருங்குடிகாரர். ஜின்னை ஊற்றி நீட்டினார் பில். எபி வேண்டாம் என்றார். ஆக்ஸ்ஃபோர்டு குரூப் என்ற கிறிஸ்தவ அமைப்பில் சேர்ந்து குடியை விட்டிருந்தார். பில்லுக்கு மதத்தில் ஈடுபாடு இல்லை. ஆனால், எதிரில் உட்கார்ந்திருந்தவர் டாக்டரோ, பாதிரியாரோ, மனைவியோ அல்ல. தன்னைப்போலவே குடித்து அழிந்தவர், இப்போது தெளிவாக உட்கார்ந்திருந்தார். அது உறைத்தது.

1934 டிசம்பர் 11 அன்று மறுபடி அதே மருத்துவமனை. கடைசியாகக் குடித்தது அன்றுதான். சிகிச்சையின்போது ஓர் இரவு, அறை முழுக்க வெளிச்சம் நிரம்பியதுபோலவும், பெரும் அமைதி வந்ததுபோலவும் ஓர் அனுபவம். கடவுள் அனுபவம் என்றார் அவர். அப்போது கொடுக்கப்பட்ட மருந்துகளின் விளைவு என்று சொல்பவர்களும் உண்டு. எதுவாக இருந்தாலும், அதற்குப் பிறகு அவர் குடிக்கவில்லை.

ஹோட்டல் வராந்தாவில் ஒரு மாலை

1935 மே மாதம். வேலை விஷயமாக ஒஹையோ மாநிலத்தின் ஏக்ரன் நகரத்துக்கு வந்த பில்லுக்குப் படுதோல்வி. சனிக்கிழமை மாலை, மேஃப்ளவர் ஹோட்டல் வராந்தாவில் தனியாக நடந்துகொண்டிருந்தார். பையில் சொற்பப் பணம். ஒரு பக்கம் பாரிலிருந்து சிரிப்புச் சத்தம். தோல்வி, தனிமை, ஊர் தெரியாத இடம். 1917-ம் ஆண்டு விருந்தில் இருந்த அதே பில்.

இன்னொரு பக்கம், தேவாலயங்களின் தொலைபேசி எண்கள் எழுதிய பலகை. பில் தொலைபேசியை எடுத்தார். இந்த ஊரில் குடியை விட முடியாமல் தவிக்கும் யாரையாவது எனக்குக் காட்டுங்கள் என்று கேட்டார். முந்தைய ஐந்து மாதங்களில் எத்தனையோ குடிகாரர்களிடம் பேசிப் பார்த்திருந்தார். ஒருவர்கூடத் திருந்தவில்லை. ஆனால், பேசிய பில் குடிக்கவில்லை. அவர்களுக்குத் தான் தேவைப்பட்டதைவிட, தனக்கு அவர்கள் தேவைப்பட்டார்கள் என்பது அந்த வராந்தாவில்தான் புரிந்தது.

அடுத்த நாள் அறிமுகமானவர், டாக்டர் பாப் ஸ்மித். கை நடுங்கும் அறுவைசிகிச்சை நிபுணர். 15 நிமிடத்தில் கிளம்பிவிடுவேன் என்ற நிபந்தனையோடு வந்தவர், ஆறு மணி நேரம் பேசினார். பில் அறிவுரை சொல்லவில்லை. தன் கதையைச் சொன்னார். ஒருமுறை சறுக்கினாலும், 1935 ஜூன் 10-க்குப் பிறகு பாப் குடிக்கவில்லை. அந்தத் தேதியைத்தான் ஏ.ஏ. தன் பிறந்தநாளாகக் கொண்டாடுகிறது.

மனசுக்குள் என்ன நடந்தது என்று யோசியுங்கள். காக்டெய்ல் கொடுத்ததும், நானும் உங்களில் ஒருவன் என்ற உணர்வு. பாபோடு பேசியதும் கொடுத்தது அதே உணர்வு. இந்த முறை அது மறுநாள் காலையிலும் மிச்சமிருந்தது.

லோயிஸ் எறிந்த செருப்பு

கணவர் குடியை விட்டதும் லோயிஸ் நிம்மதியாகிவிட்டார் என்றுதானே நினைப்பீர்கள்? ஒருநாள் கூட்டத்துக்குச் சீக்கிரம் கிளம்பு என்று பில் அவசரப்படுத்தியபோது, கையிலிருந்த ஷூவை அவர்மீது எறிந்தார் லோயிஸ். 17 வருடம் உயிரைக் கொடுத்துக் காத்த தன்னால் முடியாததை, யாரோ முன்பின் தெரியாதவர்கள் செய்துவிட்டார்கள் என்ற ஆத்திரம். குடிப்பவரைக் காப்பாற்றுவதே வாழ்க்கையாகிப்போன மனைவி, அவர் மீண்டதும் தான் யார் என்றே தெரியாமல் நிற்பார். தனக்கும் மருந்து வேண்டும் என்று லோயிஸ் உணர்ந்தார். குடிநோயாளிகளின் குடும்பத்தினருக்கான அல்-அனான் அமைப்பு, 1951-ல் அவர் இன்னொருவருடன் சேர்ந்து தொடங்கியதுதான்.

குடி போச்சு, வலி போகல

1939-ல் ஏ.ஏ.வின் புத்தகம் வந்தது. 1941-ல் ஒரு பத்திரிகைக் கட்டுரையால் ஒரே வருடத்தில் உறுப்பினர்கள் சுமார் 2,000-லிருந்து 8,000 ஆனார்கள். பில் ஆயிரக்கணக்கானவர்களுக்கு வழிகாட்டி. ஆனால், 1944-லிருந்து 10 வருடங்களுக்கும் மேலாகக் கடும் மனஅழுத்தம் அவரைப் படுத்தியது. சில நாள்களில் மேஜையில் தலையைக் கவிழ்த்து உட்கார்ந்துவிடுவார். குடியை நிறுத்தி 10 வருடம் ஆனவர், மனநல மருத்துவர் டாக்டர் ஹாரி டீபூவிடம் சிகிச்சைக்குப் போனார்.

குடி மூடிவைத்திருந்த பள்ளம், மூடியை எடுத்ததும் அப்படியே இருந்தது. அதைக் கிளறிப் பார்த்துத் தான் கண்டுபிடித்ததை 1958-ல் எழுதினார். மற்றவர்களின் பாராட்டையும் அங்கீகாரத்தையும் நம்பியே தன் மனசு நின்றுகொண்டிருந்தது. அது கிடைக்காதபோதெல்லாம் விழுந்தது. புகழும் தனக்கு இன்னொரு மதுதான் என்பது அவருக்குப் புரிந்திருந்தது. 1954-ல் யேல் பல்கலைக்கழகம் கொடுக்க முன்வந்த கௌரவப் பட்டத்தை மறுத்தார். நம்பர் ஒன் ஆகத் துடித்த அந்தச் சிறுவன், பெயரில்லாமல் இருக்கப் பழகினான்.

அவர் மகான் இல்லை. மனைவிக்கு உண்மையாக இருக்கவில்லை என்று வாழ்க்கை வரலாற்று ஆசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள். சிகரெட்டையும் நீண்டகாலம் விட முடியவில்லை. அதனால் வந்த நுரையீரல் நோயோடு, 1971 ஜனவரி 24 அன்று மயாமியில் இறந்தார். அன்று அவர்களுடைய 53-வது திருமண நாள். கடைசி வாரங்களில் பில் விஸ்கி கேட்டதாக, அவரைக் கவனித்துக்கொண்ட நர்ஸ்களின் குறிப்புகளில் இருக்கிறது. 36 வருடத்துக்குப் பிறகும்! யாரும் கொடுக்கவில்லை, அவர் குடிக்காமலேயே இறந்தார். இதில் அவமானப்பட ஒன்றுமில்லை. இந்த நோய் அவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்பதற்கு அவர் கொடுத்த கடைசி சாட்சி அது.

இனி நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி

உங்கள் வீட்டில், நட்பில் குடிக்கிறவர் யாராவது இருந்தால், ஏன் குடிக்கிற என்ற கேள்வியைக் கொஞ்சம் தள்ளிவையுங்கள். அது குற்றச்சாட்டாகத்தான் காதில் விழும். அவர் தெளிவாக இருக்கும் ஒரு காலை நேரத்தில், குடிச்சா உனக்கு எது சரியாகுது என்று கேட்டுப் பாருங்கள். தூக்கமா, பயமா, கூச்சமா, கடனா, யாரோ இறந்த துக்கமா? பதில் உடனே வராது. வந்தால், அதுதான் சிகிச்சை தொடங்க வேண்டிய இடம்.

அதற்காக, அடியையும் அவமானத்தையும் நீங்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்று அர்த்தமில்லை. காரணத்தைப் புரிந்துகொள்வது வேறு, கொடுமையை மன்னிப்பது வேறு. லோயிஸைப்போல 17 வருடம் தனியாகச் சுமக்காதீர்கள். உங்களுக்கும் உதவி தேவை, உரிமையும் உண்டு.

பல வருடங்களாகத் தினமும் அதிகம் குடிப்பவரை, இன்னையிலிருந்து ஒரு சொட்டு கிடையாது என்று வீட்டிலேயே பூட்டிவைக்காதீர்கள். திடீரென நிறுத்தினால் வலிப்பும் மனக்குழப்பமும் வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். மருத்துவர் மேற்பார்வையில்தான் நிறுத்த வேண்டும். மனநல ஆலோசனைக்கு 14416, போதை மீட்பு உதவிக்கு 14446 என்ற தேசிய இலவச எண்கள் இருக்கின்றன. ஒருவேளை இதைப் படிக்கும் நீங்களே குடிப்பவராக இருந்தால், அந்த ஹோட்டல் வராந்தாவை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் பார், இன்னொரு பக்கம் போன். பில் வில்சனுக்கும் அன்று மனஉறுதி பெரிதாக மிச்சமில்லை. போனை எடுத்தார், அவ்வளவுதான்.